காட்டுக்குப் பதில் கன்று, ஏரிக்குப் பதில் குழி: இது ஈடாகுமா?

கேள்வி இதுதான். ஊருக்குப் புறவழிச்சாலை வருகிறது. அதற்காகக் காப்புக்காட்டின் ஓரத்தில் ஒரு பட்டையும் பக்கத்து ஏரியின் ஒரு மூலையும் போகின்றன. "வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம், ஏரியில் எடுக்கும் அளவுக்கு வேறிடத்தில் வெட்டிக் கொடுத்துவிடுவோம்" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இது உண்மையிலேயே ஈடா, இல்லை கண்துடைப்பா?

முதலில் நேரடியான பதில். காட்டுப் பட்டைக்கு, ஒழுங்காகச் செய்தால், ஒரு தலைமுறை கழித்து ஓரளவு ஈடு கிடைக்கும். ஏரிக்குப் புதிதாகக் குழி வெட்டுவதென்றால் ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. ஆனால் அதே பணத்தில் பக்கத்தில் கெட்டுக் கிடக்கும் இன்னொரு நீர்நிலையை மீட்டால் கொஞ்சம் கிடைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் என்பதுதான் விஷயம். "கண்துடைப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், நீங்கள் கேட்டு வாங்கக்கூடியதையும் கேட்காமல் விட்டுவிடுவீர்கள்.

காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்க ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். எது காடு என்ற சண்டைக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவில் பதில் சொன்னது. பதிவேட்டில் காடு என்று இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருந்தாலும் காடுதான் என்றது அந்த உத்தரவு. கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நம் நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்தில் மரம் வெட்டப்படுவதைப் பார்த்துத் தொடுத்த வழக்கு அது. நாடு முழுக்க இன்று பேசப்படும் ஈட்டுக் காடு வளர்ப்பின் பணக்கணக்கெல்லாம் அந்த வழக்கின் கிளைகளில் முளைத்ததுதான்.

விதி சுருக்கமாக இப்படி: எவ்வளவு காடு எடுக்கிறீர்களோ அவ்வளவு காடல்லாத நிலத்தைக் கொடுத்து அதில் மரம் வளர்க்க வேண்டும். சில வகைத் திட்டங்களுக்கு, அதற்குப் பதில் இரண்டு மடங்கு சீரழிந்த காட்டில் நட்டால் போதும். ஹெக்டேருக்குக் குறைந்தது 1,000 கன்று என்பது வழிகாட்டி நெறி. இதற்கு மேல், காடு தந்துகொண்டிருந்த பலன்களுக்கான விலையாக "நிகர நடப்பு மதிப்பு" என்று ஒரு தொகை. 2022-இல் உயர்த்திய பிறகு, காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்குச் சுமார் 9.5 லட்சம் முதல் 16 லட்சம் ரூபாய் வரை. சரணாலயமானால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்காவானால் பத்து மடங்கு. புறவழிச்சாலை வந்த பிறகு அதன் ஓரத்தில் அந்தப் பணத்துக்கு எத்தனை மனை வாங்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தப் பணமெல்லாம் சேரும் நிதியை நிர்வகிக்கும் அமைப்புதான் "கேம்பா". 2016-இல் தனிச் சட்டம் வந்தது, 2018-இல் நடைமுறைக்கு வந்தது, 2019-இல் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பணம் இல்லாமல் எதுவும் நின்றுபோகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தடங்கல் வேறிடத்தில். 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கையில் மூன்று எண்கள் உண்டு: ஈடாக வர வேண்டிய காடல்லாத நிலம் சுமார் 1,03,382 ஹெக்டேர், வந்தது 28,086, அதில் மரம் நட்டது 7,281. நூற்றுக்கு ஏழு. அண்மையில் உத்தராகண்ட் பற்றிய தணிக்கை அறிக்கையில் இதே நிதியிலிருந்து ஐபோனும் மடிக்கணினியும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கியது வெளிவந்தது. சிரிப்பு வரும், ஆனால் அது சில்லறை. நட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் பெரிய கதை.

சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டம் ஒன்றில் இப்படியொரு ஈட்டுக் காட்டைப் பார்க்கப் போனேன். எந்தத் திட்டத்துக்கான ஈடு என்பது வேண்டாம். சாயம் போன பலகை, துருப்பிடித்த முள்கம்பி, மூன்று மீட்டருக்கு ஒன்றாக வரிசை பிசகாத குழிகள். வேம்பும் புங்கனும் வைத்திருந்தார்கள். பாதிக் குழியில் காய்ந்த குச்சிதான் நின்றது. ஆனால் குழிக்கும் குழிக்கும் நடுவில் பார்த்தால், முழங்கால் உயரப் புல். ஒரு கல்குருவி எங்களைப் பார்த்துவிட்டு நாலெட்டு ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடியது. எங்கோ கவுதாரிச் சத்தம். வேலிக்கு வெளியே ஆட்டோடு நின்றவர் சொன்னார்: "இது மேய்ச்சக்கால் சார், எங்க தாத்தா காலத்துலருந்து. புல்லு மேல மரத்த வச்சுட்டு காடுங்கறாங்க. இப்ப ஆட்ட ஓட்டிட்டு ரோட்டுலதான் நிக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு சூழலியல் பாடமே இருக்கிறது. வருவாய்த்துறை ஏட்டில் தரிசு, புறம்போக்கு என்று கிடப்பதெல்லாம் வெறும் நிலம் அல்ல. மழை குறைந்த நம் சமவெளியில் புல்வெளியும் முள்காடும்தான் பல இடங்களில் இயற்கையான நிலை. கல்குருவி, வானம்பாடி, கவுதாரி, வெளிமான் எல்லாம் திறந்த வெளியை நம்பிப் பிழைப்பவை. அங்கே ஹெக்டேருக்கு 1,000 மரம் என்ற எண்ணைத் திணித்தால், ஒரு வாழிடத்தின் இழப்பைச் சரிக்கட்டப் போய் இரண்டாவது வாழிடத்தையும் அழித்ததாகிறது. நீலகிரியில் சோலைப் புல்வெளிகளை வெற்று நிலம் என்று எண்ணிச் சீகையும் பைனும் தைலமரமும் நட்டு, இன்று அதே சீகையை வேரோடு பிடுங்கச் செலவழிக்கிறோம். அந்தப் பாடம் கண்ணெதிரே இருந்தும் விதிப்புத்தகத்தில் ஏறவில்லை.

ஈட்டுக்கும் இழப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு நீளலாம் என்பதற்குப் பெரிய நிக்கோபாரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் எல்லாம் சேர்ந்த அந்தத் திட்டத்துக்கு 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்க 2022-இல் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. ஒன்றியப் பிரதேசத்தின் பரப்பில் முக்கால்வாசிக்கு மேல் காடாக இருந்தால், ஈட்டு நிலத்தை அங்கேயே தேட வேண்டாம் என்று விதியில் ஒரு வழி இருந்தது. எனவே நிக்கோபார் மழைக்காட்டுக்கு ஈடு ஹரியானாவில். இடையே 2,500 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் கடல். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை, தேன் நிறைந்த பொழில்களோடு சேர்த்தே சொல்கிறது. அந்தப் பொழிலின் கணக்கை ஆரவல்லியில் நேர்செய்யலாம் என்று கோப்பு சொல்கிறது. கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் தோல்முதுகு ஆமைக்கு ஹரியானாவில் யாரும் மணல் போட முடியாதல்லவா, எனவே அதற்குச் சிறிய நிக்கோபாரில் தனிச் சரணாலயம் அறிவித்தார்கள். அந்தத் தீவில் ஆமை ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது. இருந்ததை இருந்தபடி காப்பதாகப் பெயரிட்டால் புதிதாக ஒன்றும் சேரவில்லை. ஈடு பற்றிய எந்தப் பேச்சிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தத் திட்டம் வராவிட்டாலும் இது நடந்திருக்குமா? ஆம் என்றால் அது ஈட்டில் சேராது.

இன்னொன்று காலம். சாலையோரப் புளியமரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், எண்பது வயது. அதன் கிளை எப்போதோ ஒடிந்த இடத்தில் உளுத்துப்போன பொந்து. அதில் ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தை, அதற்கு மேலே கிளிப் பொந்து. பத்துக் கன்று நட்டால் பத்திலும் பொந்து இல்லை. நூறு நட்டாலும் இல்லை. பொந்து விழ மரம் முதலில் முதிர வேண்டும், பிறகு நோயும் படவேண்டும். அதுவரை, அதாவது ஐம்பது அறுபது ஆண்டுகள், அந்த ஆந்தைக்கு நாம் கொடுக்கும் ஈடு சுழி. அதனால்தான் "ஒன்றுக்குப் பத்து" என்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது. கன்றை எண்ணத் தெரிந்த கணக்குக்குப் பொந்தை எண்ணத் தெரியாது.

இனி ஏரி. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். காட்டுக்காவது, குறையோ நிறையோ, ஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நீர்நிலைக்கு அப்படி ஒன்று நம் நாட்டில் இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு வேலைக்கு மாற்றக் கூடாது என்கின்றன. மாற்றினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற அளவுகோல் கிடையாது. அதைவிட, பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை அந்த விதிகள் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. தமிழ்நாட்டு ஏரியும் கண்மாயும் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் போய் விழும். வேடந்தாங்கலும் அடிப்படையில் ஒரு பாசன ஏரிதான், பறவைச் சரணாலயம் என்ற தனிப் பாதுகாப்பு இருப்பதால் தப்பிக்கிறது. எனவே "வேறிடத்தில் வெட்டிக் கொடுப்போம்" என்பது பெரும்பாலும் வாய்வார்த்தை. அனுமதி ஆணையில் நிபந்தனையாக எழுதி வாங்கினால்தான் அதற்கு உயிர்.

எழுதி வாங்கினாலும் பொறியாளர் ஈடுகட்டுவது கன அளவை. ஏரியின் மூலையில் இத்தனை கன மீட்டர் போகிறது, இங்கே இத்தனை கன மீட்டர் வெட்டினேன், சரியாய்ப் போச்சு. சரியாகப் போகவில்லை. ஏரியில் கரைப்பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் உள்வாய். உள்வாயில் நிலம் ஒரு சாண், அரைச் சாணாகச் சரிந்து நீருக்குள் இறங்கும். கணுக்கால் நீரில் உள்ளான், முழங்கால் நீரில் நாரை, அதற்கும் உள்ளே தாழைக்கோழி, நடு ஆழத்தில் நீர்க்காகம் என்று சரிவில்தான் உயிர்கள் வரிசையாக வாழ்கின்றன. சாலை தின்னும் மூலை பெரும்பாலும் இந்த உள்வாய்தான், ஏனென்றால் அங்கே நிரப்பச் செலவு குறைவு. பதிலுக்குப் பொக்லைன் வெட்டுவது செங்குத்துச் சுவரோடு கூடிய குட்டை. கன மீட்டரில் சமம். நீர்க்காகம் மட்டும் வரும்.

மண்ணும் அப்படியே. பல காலம் படிந்த வண்டலில் விதையும் கிழங்கும் பூச்சி முட்டையும் உறங்குகின்றன. வற்றிய குளத்தை விட்டுக் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போகாது என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோமே, அது வெறும் உவமை அல்ல, நேரில் பார்த்துச் சொன்னது. விரால்கூடக் கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு வெளிவரும். புதுக் குழியின் அடியில் இருப்பதோ செம்மண் அல்லது கரட்டுப் பாறை. அங்கே எதுவும் உறங்கவில்லை, எழுந்து வர.

இதை நாம் மட்டும்தான் கோட்டைவிடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஈரநில ஈட்டை மிகத் தீவிரமாகச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. 1972-ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் 404-ஆம் பிரிவுப்படி ஈரநிலத்தை நிரப்ப அனுமதி வேண்டும். 1980களின் இறுதியில் மூத்த புஷ் "நிகர இழப்பு இருக்கக் கூடாது" என்பதைத் தேசியக் குறிக்கோளாக்கினார். 2001-இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆராய்ந்துவிட்டு, வாழிடத்தின் வேலைகளைப் பொறுத்தவரை அந்தக் குறிக்கோள் எட்டப்படவில்லை என்றது. சொன்ன ஈட்டைச் செய்யாதவர்கள் ஒரு பக்கம், செய்தும் நனைந்த புல்வெளிக்குப் பதில் குட்டை வெட்டியவர்கள் இன்னொரு பக்கம். நம்மூர்க் கதைதான். 2008-இல் விதியை மாற்றி ஈரநில வங்கிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். ஒருவர் கெட்டுப்போன ஈரநிலத்தை முதலில் மீட்க வேண்டும். நீர் நிற்கிறது, செடி பிடித்துவிட்டது என்று படிப்படியாக நிரூபிக்க நிரூபிக்கத்தான், நிரப்ப விரும்புவோருக்கு விற்கக்கூடிய ஈட்டுப் புள்ளி (கிரெடிட்) கிடைக்கும். பராமரிப்புக்கு நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும். குறைகள் உண்டு, ஆனாலும் ஈடு முன்னால், இழப்பு பின்னால் என்ற அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மிடம் வரிசை தலைகீழ்.

எவ்வளவு மீளும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. உலகெங்கும் மீட்டெடுத்த, புதிதாக உருவாக்கிய 621 ஈரநிலங்களை ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வந்தது. நூறாண்டு கழிந்த பிறகும் செடிகொடி, உயிரினக் கூட்டம் சராசரியாக 26 விழுக்காடும், மண்ணில் கரிமம் சேர்வது போன்ற வேலைகள் 23 விழுக்காடும் இயற்கை ஈரநிலத்தைவிடக் குறைவாகவே இருந்தன. வெப்பமான பகுதியிலும், பெரிய பரப்பிலும், ஆறு அல்லது கடலின் நீரோட்டத்தோடு தொடர்புள்ள இடத்திலும் மீட்பு வேகமாக நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

பறவை வேறிடம் போய்விடும் என்பவர்களுக்கு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் விரிகுடாவைச் சொல்வேன். 1999-இல் தடுப்பணை கட்டிச் சேற்றுவெளியை நன்னீர் ஏரியாக்கினார்கள். ஈடாக நியூபோர்ட் அருகே 400 ஹெக்டேருக்கு மேல் ஈரநிலக் காப்பகம் திறந்தார்கள், பார்க்க அழகான இடம். ஆனால் அங்கே அமைத்தது நாணலும் ஈரப் புல்வெளியும். போனது அலை வற்றும்போது வெளிப்படும் சேறு. அந்தச் சேற்றில் குளிர்காலத்தைக் கழித்துவந்த செங்கால் உள்ளான்களுக்குக் காலில் வளையமிட்டுத் தொடர்ந்தார்கள். அவை பக்கத்துக் கழிமுகத்துக்குப் போயின. போன இடத்தில் உடல் எடை குறைந்தது, இறப்பு விகிதம் 44 விழுக்காடு கூடியது. பறவை போய்விட்டது என்பது உண்மை. போய்ப் பிழைக்கவில்லை.

இடம் மாறினால் வேலையே நடக்காத ஈரநிலமும் உண்டு. பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏடுகளில் கழுவெளி. தென்சென்னையின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து அதில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் நோக்கிப் போகும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் இருந்தது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. போன பகுதிக்கு ஈடாகச் செங்கல்பட்டுக்கு அப்பால் எத்தனை ஆயிரம் ஏக்கர் வெட்டினாலும் வேளச்சேரி வெள்ளத்தில் ஒரு சொட்டுக் குறையாது. வெள்ளம் வரும் வழியில் இருந்தால்தான் அது வெள்ளம் தாங்கும் நிலம். மாம்பலத்தில் ஏரியே இல்லாத லேக் வியூ ரோட்டில் குடியிருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டிய தேவையில்லை.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பிச்சாவரத்தில் பிரிட்டிஷ் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் அலையாத்திக் காட்டைக் கூறுகூறாக மொட்டையடித்தார்கள். வெயில் நேரே பட்டு மண் காய்ந்து, நிலம் தாம்பாளம் போலக் குழிந்தது. உள்ளே புகுந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் நின்று வற்றி உப்பேறியது. அங்கே கன்று நட்டால் செத்தது. நட நடச் செத்தது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து கன்றை ஓரம் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். நடுவில் ஒரு தாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைக்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஏற்றத்தில் அலை உள்ளே வந்து, வற்றத்தில் உப்பை அலசிக்கொண்டு வெளியே போனது. அதற்குப் பிறகுதான் கால் ஓரத்தில் கண்டல் நட்டார்கள். பிடித்தது. இன்று படகில் போகிறவருக்கு அந்தக் கால்வாய் வெட்டியது என்றே தோன்றாது, ஓரமெல்லாம் மூச்சுவேர் குத்திட்டு நிற்கும். நான் மேலே சொன்ன ஆய்வின் முடிவோடு இது பொருந்துகிறது: வெப்பமான இடம், அலையின் தொடர்பு. முதலில் நீரின் போக்கு, அதற்குப் பிறகு செடி. இந்த வரிசை பிசகினால் எத்தனை கோடி போட்டாலும் குச்சிதான் நிற்கும்.

எனவே உங்கள் ஊர் விஷயத்தில் நான் செய்வது இதுவாக இருக்கும். காட்டு நில அனுமதி தேவைப்படும் திட்டமானால் அதன் கோப்பு ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். அதில் ஈட்டு நிலத்தின் எல்லை வரைபடத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு, நேரில் போய்வருவேன். அங்கே ஏற்கெனவே புல்லும் ஆடும் கவுதாரியும் இருந்தால், 1,000 கன்று வேண்டாம், அதைப் புல்வெளியாகவே காத்து, உங்கள் காப்புக்காட்டை ஒட்டிய வேறு சீரழிந்த பகுதியில் சீமைக் கருவேலத்தை அகற்றி அந்தக் காட்டு மர வகைகளையே வையுங்கள் என்று எழுத்தில் கொடுப்பேன். ஒட்டியிருப்பது முக்கியம், ஏனென்றால் விதையையும் விலங்கையும் பழைய காடே அனுப்பிவிடும்.

ஏரிக்குப் புதுக் குழி வேண்டாம் என்பேன். அதே வரத்துக்காலில் மேலேயோ கீழேயோ தூர்ந்துபோன, ஆக்கிரமிப்பில் சிக்கிய இன்னொரு ஏரி கட்டாயம் இருக்கும். அதன் வரத்துக்காலைத் திறந்து, உபரிநீர் வழியும் கலங்கலைச் சரிசெய்து, உள்வாயைச் சரிவாகவே விட்டு, உங்கள் ஏரியின் மூலையில் அள்ளும் மேல்வண்டலை லாரியில் ஏற்றி அங்கே பரப்பச் சொல்வேன். வழக்கமாக அந்த வண்டல் செங்கல் சூளைக்குப் போய்விடும், முதல் நாளே கேட்டுவைக்க வேண்டும். இது முடிந்து ஒரு மழைக்காலம் நீர் நின்ற பிறகு மூலையை நிரப்பட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். சாலையின் தடத்தை 300 மீட்டர் தள்ளினால் என்ன செலவு, அல்லது அந்த மூலையை மட்டும் தூண் வைத்துப் பாலமாகக் கடந்தால் என்ன செலவு என்று மாற்றுத் தடங்களின் ஒப்பீட்டைக் கேளுங்கள். திட்ட அறிக்கையில் பெரும்பாலும் அரைப் பக்கத்தில் ஒரு அட்டவணையாக அது இருக்கும். அதில் நிலம் எடுப்புச் செலவு இருக்கும், கட்டுமானச் செலவு இருக்கும். ஏரிக்கு எதிரே உள்ள கட்டத்தில் என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அந்தக் கட்டமே இல்லை.